வக்கிர கதியில் ஐம்பது கஜானாக்கள்: அமெரிக்க மாநிலங்களுக்கான நிதியுதவி குறித்துச் சில குறிப்புகள்

'அரசு' என்னும் சொல்லை ஒருமையில் மட்டுமே கையாண்டு பழகிவிட்டவர்கள் நாம். ஒடுக்குமுறை எந்திரம், கருத்தியல் எந்திரம் என்று அல்தூஸ்ஸரைத் தொட்டுக்கொண்டு எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஆனால் அந்த எந்திரத்துக்குள்ளேயே நோட்டடிக்கிற கை எது, உண்டியலை மட்டும் வைத்துக்கொண்டு முழிக்கிற கை எது என்கிற கேள்வி நம் விவாதங்களில் அபூர்வம். 'பொருளாதாரமா, அதைக் கட்சிக்காரங்க பாத்துக்குவாங்க' என்று ஒதுங்கிக்கொள்ளும் எழுத்தாள நண்பர்களும், 'எல்லாம் முதலாளியம்தான், இதில் வித்தியாசம் பார்ப்பது சீர்திருத்தவாதம்' என்று ஒரே வரியில் முடித்துவிடும் தோழர்களும் இந்த ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள். இரு தரப்பாரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் படித்தது தமிழ் எம்.ஏ. பொருளியலில் எனக்குப் பட்டமில்லை. ஒரு பிரதியில் சொல்லப்பட்டதைவிட சொல்லாமல் விடப்பட்டது எது என்று பார்க்கக் கொஞ்சம் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். நெருக்கடிக் காலங்களில் வாஷிங்டன் தன் மாநில அரசுகளுக்குக் கொடுக்கும் பணம் அப்படிப் பார்க்கப்பட வேண்டிய ஒரு பிரதி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2008 அக்டோபரில் வங்கிகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலருக்கு அனுமதி கொடுத்த சட்டம் வேறு. 2009 பிப்ரவரி 17 அன்று ஒபாமா கையெழுத்திட்ட மீட்புச் சட்டம் வேறு. பின்னதன் மதிப்பு அன்றைய கணக்கில் 78,700 கோடி டாலர். நம் பக்கத்தில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'முதலாளிகளுக்கு வாரிக்கொடுத்தது' என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். பின்னதில் வரிச்சலுகை உண்டு, சாலை உண்டு, ரயில் உண்டு. என் அக்கறை அவற்றின் மீதல்ல. மாநிலங்களின் கஜானாவுக்கே நேராகப் போய்ச் சேர்ந்த தொகை மீதுதான்: ஏழைகளுக்கான மருத்துவத் திட்டமான மெடிக்கெய்ட் வழியாகச் சுமார் 8,700 கோடி டாலர், மாநில நிதி நிலைப்படுத்தல் நிதியம் என்ற பெயரில் 5,360 கோடி டாலர்.

இந்தப் பணம் ஏன் தேவைப்பட்டது? அமெரிக்காவில் வெர்மாண்ட் நீங்கலாக 49 மாநிலங்களிலும் ஏதோவொரு வடிவில் சமநிலை பட்ஜெட் விதி இருக்கிறது. பாலம் கட்ட, சிறைச்சாலை கட்டக் கடன் பத்திரம் விற்கலாம். ஆனால் டீச்சருக்குச் சம்பளம் கொடுக்க, ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க ஆண்டுக்கணக்கில் கடன் வாங்கி ஓட்ட முடியாது. வரவு எவ்வளவோ அவ்வளவுதான் செலவு. இங்கே நம் மாநிலங்கள் ஒன்றிய அரசின் ஒப்புதலோடு கடன் வாங்கித்தான் வருவாய்ப் பற்றாக்குறையைச் சமாளிக்கின்றன என்பதால், அந்த விதியின் இறுக்கம் நமக்குச் சட்டென்று உறைக்காது. மந்தம் வந்ததும் அங்கே வருமான வரியும் விற்பனை வரியும் சரிகின்றன. அதே வேளையில் வேலை போனவர்கள் மெடிக்கெய்ட் வரிசையில் வந்து நிற்கிறார்கள். வரவு இறங்குகிறது, செலவு ஏறுகிறது, சட்டமோ இரண்டும் சமமாக இருந்தே தீர வேண்டும் என்கிறது. ஆளைக் குறை, அல்லது வரியை ஏற்று. மூன்றாவது வழி வாஷிங்டனிலிருந்து வரும் செக் மட்டும்தான்.

இந்த விதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஏதோ இயற்கை ஒழுக்கம்போல, சிக்கனமான குடும்பத் தலைவியின் நற்பண்புபோலப் பேசுவது வழக்கம். அதற்கொரு வரலாறு உண்டு. 1825இல் நியூயார்க் மாநிலம் ஈரி கால்வாயைத் திறந்து லாபம் கண்டது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கால்வாய், ரயில் பாதை, வங்கி என்று ஐரோப்பியச் சந்தைகளில் கடன் வாங்கிக் குவித்தன. 1837இல் பீதி. 1841க்கும் 1843க்கும் இடையில் பென்சில்வேனியா, மேரிலாந்து, இல்லினாய், மிசிசிப்பி உள்ளிட்ட எட்டு மாநிலங்களும் அப்போது மாநிலமாகியிராத ஃபுளோரிடாவும் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தன. 1790இல் ஹாமில்டனின் யோசனைப்படி மாநிலங்களின் போர்க் கடன்களைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட அதே கூட்டாட்சி அரசு, இந்த முறை மாட்டேன் என்றது. அடிபட்ட மாநிலங்களும், அடிபட்டவற்றைப் பார்த்த மாநிலங்களும் தங்கள் அரசியல் சாசனங்களிலேயே கடனுக்குக் கடிவாளம் எழுதிக்கொண்டன. இன்று ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியையின் வேலை போவதற்குப் பின்னால், நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் கடன்காரர்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெற எழுதப்பட்ட வாசகங்கள் இருக்கின்றன. ஒழுக்கம் என்று நாம் வாசிப்பது கடன்காரரின் கையெழுத்தாக இருக்கலாம்.

1944இல் ஆல்வின் ஹான்சனும் ஹார்வி பெர்லாஃபும் மாநிலங்களின் இந்த நடத்தைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் அதை 'நிதி வக்கிரம்' என்று சொல்லலாம். நம் இலக்கியச் சர்ச்சைகளில் வக்கிரம் என்றால் உடனே வேறெங்கோ மனசு போய்விடுகிறது. ஆனால் நம்மூர் சோசியர்கள் இந்தச் சொல்லைக் கச்சிதமான பொருளில் பயன்படுத்துகிறார்கள்: கிரகம் தன் வழக்கமான திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றினால் அது வக்கிர கதி. ஹான்சன் சொல்ல வந்ததும் இதேதான். நல்ல காலத்தில் வரவு கொழிக்கும்போது மாநிலங்கள் செலவை ஏற்றுகின்றன, கெட்ட காலத்தில் குறைக்கின்றன. பொருளாதாரத்தைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய கை அதே நேரத்தில் அதைக் கீழே தள்ளுகிறது. 1930களில் ரூஸ்வெல்ட்டின் நிர்வாகம் ஒரு பக்கம் வேலைத் திட்டங்களுக்குச் செலவழித்துக்கொண்டிருந்தபோது, 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் புதிதாக விற்பனை வரி போட்டன, அதாவது கடையில் மளிகை வாங்குகிறவளிடமிருந்து. 1956இல் கேரி பிரவுன் என்ற பொருளியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தப் பத்தாண்டில் நிதிக் கொள்கை தோற்றதாகச் சொல்வது தவறு, அது முயலப்படவே இல்லை என்கிற முடிவுக்கு வந்தார். வாஷிங்டன் இறைத்ததில் பெரும்பகுதியை மாநிலங்களும் நகரங்களும் உறிஞ்சிக்கொண்டன என்பது அவர் வாதத்தின் முக்கியமான ஒரு கண்ணி. 2008 டிசம்பரில் பால் க்ருக்மன் எழுதிய பத்தியின் தலைப்பிலேயே ஐம்பது ஹெர்பர்ட் ஹூவர்கள் வந்துவிட்டார்கள். பெருமந்தத்தின் நடுவே 1932இல் வரியை உயர்த்திய அதிபர் ஹூவர். இப்போது மாநிலத்துக்கு ஒரு ஹூவர்.

2009 கோடையில் கலிஃபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள். உலகத்தின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று என்று பீற்றிக்கொள்கிற மாநிலம். பட்ஜெட்டில் சுமார் 2,600 கோடி டாலர் ஓட்டை. ஜூலை தொடக்கத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு, தான் கொடுக்க வேண்டிய பாக்கிகளுக்குப் பணத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தது அந்த அரசு. வரியில் அதிகம் கட்டித் திரும்பப் பெற வேண்டியவர்களுக்குச் சீட்டு. அரசுக்குச் சரக்குப் போட்ட சிறு வியாபாரிகளுக்குச் சீட்டு. அரசு ஊழியர்களுக்கு மாதம் மூன்று நாள் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பு. நம்மூர் மளிகைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வதை அங்கே அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்தது. அரசு என்கிற அந்தப் பேருருவம் எவ்வளவு ஓட்டாண்டி ஆகமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை. அதே வாரங்களில் வாஷிங்டன் தன் கடன் பத்திரங்களைக் குறைந்த வட்டிக்கு விற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசு ஒன்றல்ல.

மெடிக்கெய்ட் வழி வந்த பணத்தின் சூட்சுமம் தனியாகச் சொல்லத்தக்கது. இத்திட்டத்தில் மாநிலம் செலவழிக்கும் தொகைக்கு ஏற்ப வாஷிங்டன் தன் பங்கைத் தருகிறது. அந்தப் பங்கு எந்த மாநிலத்துக்கும் பாதிக்குக் குறையாது, மிசிசிப்பி போன்ற ஏழை மாநிலங்களுக்கு முக்கால் பங்கைத் தொடும். ஆகவே தன் கையிலிருந்து 1 டாலரை மிச்சப்படுத்த நினைக்கிற மாநிலம், ஏழைகளின் மருத்துவத்திலிருந்து குறைந்தது 2 டாலரை வெட்ட வேண்டும். 2009 சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் வாஷிங்டனின் பங்கை 6.2 புள்ளி ஏற்றியது, வேலையின்மை கூடிய மாநிலங்களுக்கு மேலும். அதையும் 2008 அக்டோபர் முதலே நடப்பில் இருந்ததாக வைத்துக் கணக்கிட்டது. டெண்டர் இல்லை, திட்ட அறிக்கை இல்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற குழாயில் தண்ணீர் கூடியது. பதிலுக்கு முக்கியமான நிபந்தனை: திட்டத்தில் சேரும் தகுதியை மாநிலங்கள் இறுக்கக் கூடாது. சாலை போடுவதைவிட இது வேகமாக நடந்ததற்குக் காரணம் இதுதான்.

நிலைப்படுத்தல் நிதியத்தின் கதையோ அசல் பேரம். கீழவை ஒப்புக்கொண்டது 7,900 கோடி. மேலவையில் 60 வாக்கு தேவை. கையில் எண்ணக்கூடிய சில நடுவாந்தர உறுப்பினர்கள் சேர்ந்து உட்கார்ந்து அதில் 4,000 கோடியைக் கழித்தார்கள். கடைசியில் இரு அவைகளும் சமரசம் பேசி நின்றது 5,360 கோடியில். ஏன் மாநில உதவியைப் பிடித்து வெட்டினார்கள், வரிச்சலுகையை ஏன் அதே அளவுக்கு வெட்டவில்லை? வரிச்சலுகைக்குப் பெறுநர் உண்டு, அவருக்குத் தான் பெறுவது தெரியும். மாநில உதவிக்குப் பெறுநர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. என் கேள்வி முழுக்க இங்கேதான் மையம் கொள்கிறது.

கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம். அடுத்த கல்வியாண்டில் வேலை இல்லை என்றால் மார்ச் 15க்குள் ஆசிரியருக்கு முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். 2009 மார்ச்சில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தக் கடிதம் போனது. பணம் வந்த பிறகு பலருக்கு அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறப்பட்ட கடிதம் எதன் ஆவணம்? அந்த ஆசிரியை செப்டம்பரில் வழக்கம்போல வகுப்புக்குப் போனார், வழக்கம்போலச் சம்பளம் வாங்கினார், வழக்கம்போல வாடகை கொடுத்தார். நிகழ்வு என்று எதுவும் இல்லை. மீட்புச் சட்டப் பணத்தில் போட்ட சாலைகளில் 'இது இன்ன சட்டத்தின் கீழ்' என்று பலகை நட்டார்கள். வேலை போகாத டீச்சரின் கழுத்தில் பலகை மாட்ட முடியாது. 'உருவாக்கப்பட்ட அல்லது காப்பாற்றப்பட்ட வேலைகள்' என்று அரசு கணக்குச் சொன்னபோது, காப்பாற்றப்பட்ட என்ற சொல்லை எதிர்க்கட்சியினர் கேலிப்பொருளாக்கினார்கள். நடக்காமல் போனதை எப்படி எண்ணுவது என்றார்கள். கேலி ஒருபுறமிருக்க, கேள்வி நியாயமானது. கதையாடலின் விதியே அப்படி. நிகழ்ந்ததற்குத்தான் கதை, நிகழாததற்கு இல்லை. வலதுசாரிகள் இந்த விதியை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். இடதுசாரிகள் இன்னும் பலகை நடுவதற்குச் சாலை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணிப் பார்க்க முயன்றவர்கள் உண்டு. ஜான் கோகனும் ஜான் டெய்லரும், மாநிலங்கள் இந்தப் பணத்தை வாங்கித் தங்கள் கடன் தேவையைக் குறைத்துக்கொண்டனவே தவிர, கூடுதலாக எதையும் வாங்கிவிடவில்லை என்றார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. ஆனால் அதில் ஒரு ஓட்டை. பணம் வராமல் இருந்திருந்தால் செலவு அதே மட்டத்தில் நின்றிருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. சமநிலை விதி உள்ள இடத்தில் அது எப்படி நின்றிருக்கும்? கேப்ரியல் கோடோரோ-ரைக்கும் மூன்று சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. மந்தத்துக்கு முன்பே மெடிக்கெய்டுக்கு அதிகம் செலவழித்துக்கொண்டிருந்த மாநிலத்துக்குத் தானாகவே அதிகப் பணம் போகும், அதற்கும் அந்த மாநிலத்தில் மந்தம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கும் சம்பந்தமில்லை. இந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு மாநிலங்களை ஒப்பிட்டார்கள். 1,00,000 டாலர் உதவிக்கு ஒருவருக்கு ஓராண்டு வேலை என்கிற கணக்கில் 3.8 வேலைகள். அதில் 3.2 அரசு, மருத்துவம், கல்வி ஆகிய துறைகளுக்கு வெளியே. அதாவது காப்பாற்றப்பட்டவர்களில் முடிவெட்டுகிறவரும் ஓட்டல் தொழிலாளியும் இருந்தார்கள். தங்களைக் காப்பாற்றியது மெடிக்கெய்ட் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

தெற்குக் கரோலினாவில் நடந்த ஒரு கூத்து: ஆளுநர் மார்க் சான்ஃபோர்ட் சுமார் 70 கோடி டாலரை வாங்க மறுத்தார், வாங்கினால் கடனடைக்கத்தான் என்றார். ஒரு பள்ளி மாணவியும் ஒரு சட்டக் கல்லூரி மாணவரும் வழக்குத் தொடுத்தார்கள். 2009 ஜூனில் அம்மாநில உச்ச நீதிமன்றம், விண்ணப்பத்தைப் போடு என்று ஆளுநருக்கு உத்தரவிட்டது.

2010 ஆகஸ்டில் மேலும் 2,600 கோடி கொடுத்தார்கள். அதோடு சரி. 2011 நடுவில் குழாய் அடைபட்டது. அப்போது நாட்டின் வேலையின்மை 9 விழுக்காட்டைச் சுற்றி நின்றிருந்தது. 2008 நடுவிலிருந்து 2013 வரை மாநில, உள்ளாட்சி வேலைகள் 7 லட்சத்துக்கும் மேல் குறைந்தன. தனியார் துறை மெல்ல ஆளெடுக்கத் தொடங்கிய பிறகும் இவை குறைந்துகொண்டே போயின. பழைய எண்ணிக்கையைத் திரும்பத் தொடப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. இந்த வேலைகளில் இருப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். கறுப்பின மக்களின் பங்கு தனியார் துறையில் இருப்பதைவிட இங்கே அதிகம். தனியார் முதலாளி நிறம் பார்த்துக் கதவை மூடிய காலத்தில், அஞ்சல் நிலையமும் பள்ளிக்கூடமும் நகராட்சி அலுவலகமும்தான் அவர்களுக்கு நடுத்தர வாழ்வின் வாசலாக இருந்தன. 'சிறிய அரசாங்கம்' என்னும் சொல்லாடலை வெறும் பொருளியல் கருத்தாக வாசிக்கிறவர்கள் இந்த ஆட்களை விட்டுவிட்டு வாசிக்கிறார்கள்.

கொரோனா காலத்தில் இதே நாடகம் வேறு வேகத்தில் ஓடியது. 2020 பிப்ரவரியிலிருந்து மே மாதத்துக்குள் சுமார் 15 லட்சம் மாநில, உள்ளாட்சி வேலைகள் போயின. மார்ச் மாதச் சட்டம் 15,000 கோடி கொடுத்தது, ஆனால் இழந்த வரி வருவாயை ஈடுகட்டப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. பசிக்கிறவனிடம் இதைத் தின்னாதே என்று சொல்லிச் சோறு போட்ட கதை. ஏப்ரலில் மேலவைத் தலைவர் மிட்ச் மெக்கானல், மாநிலங்கள் வேண்டுமானால் திவாலாகும் வழியைப் பார்க்கட்டும் என்றார். அவர் அலுவலகத்தின் அறிக்கை இதை எதிர்க்கட்சி மாநிலங்களுக்கான மீட்பு என்று வர்ணித்தது. ஆட்சி மாறியதும் 2021 மார்ச்சில் 35,000 கோடி டாலர், அதில் மாநிலங்களுக்கு 19,530 கோடி.

இந்த முறை பணம் அதிகம், வரவும் எதிர்பார்த்ததைவிட விரைவில் மீண்டது. அப்போது தெரிந்தது இந்த உதவியின் இன்னொரு முகம். பணத்தை வைத்து வரியைக் குறைக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதினார்கள், ஒஹாயோ முதலிய மாநிலங்கள் வழக்குப் போட்டன. அலபாமா தன் பங்கான சுமார் 210 கோடியில் 40 கோடியை எடுத்துப் புதிய சிறைகள் கட்ட ஒதுக்கியது. இருக்கிற சிறைகளின் கொடூரத்துக்காகக் கூட்டாட்சி நீதித்துறையே அந்த மாநிலத்தின் மீது 2020 டிசம்பரில் வழக்குத் தொடுத்திருந்தது என்பது தனி வேடிக்கை. ஜெஃப்ரி கிளமென்ஸ், ஸ்டான் வியூகர் ஆகியோரின் ஆய்வு, கொரோனாக் கால உதவியில் ஒரு அரசு வேலையை ஓராண்டு காப்பாற்ற 8,55,000 டாலர் ஆனது என்றது. மக்கள் தொகை குறைந்த மாநிலத்துக்கும் மேலவையில் இரண்டு இடம், அதனால் அவற்றுக்குத் தலைக்கு அதிகப் பணம் என்கிற ஏற்றத்தாழ்வை வைத்தே அவர்கள் இதைக் கணக்கிட்டார்கள். முந்தைய 3.8 எங்கே, இது எங்கே! பார்த்தீர்களா, வீண் என்று சிலர் துள்ளுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. 2009இல் பள்ளம் ஆழம், மண் குறைவு. 2021இல் பள்ளம் தூர்ந்துவிட்டது, மண் வந்துகொண்டே இருந்தது. பணம் எப்போது, எவ்வளவு என்பதை மேலவையின் பேரம் தீர்மானிக்கும் வரை இப்படித்தான் இருக்கும்: தேவைப்படும்போது கால்வாசி, தேவை தீர்ந்தபின் முக்கால்வாசி.

வேறு வழி இல்லாமலில்லை. 1976 ஜூலையில் அதிபர் ஃபோர்டின் மறுப்பைத் தாண்டி காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. நாட்டின் வேலையின்மை 4.5 விழுக்காட்டைத் தாண்டினால் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் உதவி தானாகத் திறக்கும், இறங்கினால் தானாக மூடும். யாரும் யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளே அது நடப்பில் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மந்தத்திலும் முதலிலிருந்து பேரம்.

தானாக இயங்குவது என்றால் என்ன என்பதற்கு நல்ல உதாரணம் உணவு உதவித் திட்டம். ஃபுட் ஸ்டாம்ப் என்றால்தான் பலருக்கும் தெரியும். அதன் பயனாளிகளுக்குப் போகும் தொகை முழுவதும் வாஷிங்டனுடையது. 2007இல் 2.6 கோடிப் பேருக்குக் கிடைத்த அந்த உதவி 2013இல் 4.7 கோடிப் பேருக்குக் கிடைத்தது. மந்தம் வந்தது, ஆட்கள் வந்தார்கள், பணம் வந்தது. எந்த ஆளுநரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் இதில் கை வைத்திருக்கிறது. உதவி வழங்குவதில் ஒரு மாநிலத்தின் தவறு விகிதம் 6 விழுக்காடோ அதற்கு மேலோ போனால், அம்மாநிலம் தொகையில் 5 முதல் 15 விழுக்காடு வரை தன் பணத்திலிருந்து கட்ட வேண்டும். தவறு என்றவுடன் மோசடி என்று எண்ண வேண்டாம். படிவத்தில் வருமானம் பிசகியது, எழுத்தர் கணக்கில் சறுக்கியது எல்லாம் அதில் சேரும். மந்தத்தில் விண்ணப்பங்கள் குவியும், ஆட்குறைப்புக்குள்ளான அலுவலகத்தில் தவறு கூடும், கூடினால் மாநிலத்தின் பங்கு ஏறும், வரவோ அப்போதுதான் சரிந்திருக்கும். பின்னோக்கி நகராமல் இருந்த ஒரு கிரகத்தையும் வக்கிர கதியில் திருப்பிவிடுகிற ஏற்பாடு இது. கட்ட முடியாத மாநிலம் தகுதிச் சோதனையை இறுக்கலாம், திட்டத்தை விட்டே வெளியேறவும் செய்யலாம். திட்டத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று எந்த மாநிலத்துக்கும் கட்டாயம் இல்லை.

சட்டத்தின்படி இது 2027 அக்டோபரில் நடைமுறைக்கு வர வேண்டும். 46 மாநிலங்களின் நிதியாண்டு ஜூலை 1 அன்றே தொடங்கிவிடுகிறது என்பதால், அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பது, எந்தப் பள்ளியில், எந்த ஆஸ்பத்திரியில் கை வைப்பது என்பதை அந்தச் சட்டமன்றங்கள் அதற்கு முந்தைய வசந்த காலத்திலேயே எழுதி முடித்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் மார்ச் 15க்குள்.